அறையும் அளவும்: கருமருந்தை அளந்த கதை

எங்கள் ஊர் நோம்பிக்கு வேட்டுப் போட வருபவர் ஒருவர் இருந்தார். ஆனைமலை அடிவாரத்தில் சாமி புறப்படும் முன்னால் மூன்று வேட்டு போட்டாக வேண்டும். கோயிலுக்குப் பின்புறம் கனத்த இரும்புக் குழாய்களை வரிசையாக நட்டு வைப்பார். சுற்றி நிற்கும் பிள்ளைகளை எட்டப் போகச் சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகைக் கருமருந்தை முதலில் கல்லின் மேல் கொட்டித் தீ வைத்துக் காட்டுவார். ‘புஸ்’ஸென்று ஒரு வெளிச்சம், ஒரு கொத்து வெள்ளைப் புகை, கல்லில் ஒரு கறுப்புக் கறை. அவ்வளவுதான். பிறகு அதே மருந்தைக் குழாயில் இட்டு, மேலே செங்கல் தூளைப் போட்டு இறுக இடித்துத் திரி வைப்பார். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பும். தென்னந்தோப்பில் இருக்கிற காக்கையெல்லாம் எழும்பும். “மருந்து சும்மா எரியத்தான் செய்யும் கண்ணு. அடைப்புத்தான் அதை வேட்டாக்குது” என்பார்.

கருமருந்துத் துப்பாக்கிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த ஒரு வரிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. மருந்துக்குத் தன்னளவில் அளவு தெரியாது. அதைச் சூழ்ந்திருக்கும் சுவர்தான் அதற்கு அளவு வைக்கிறது. துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து என்ற கேள்விக்கு 200 ஆண்டுகளாகப் பலர் விடை தேடினார்கள். ஒருவர் கடலூரில் உயிரை விட்டார். சிலர் இலங்கைக் காட்டில் யானை சுட்டார்கள். சிலர் கைத்துப்பாக்கி செய்தார்கள். அவர்கள் கண்டடைந்ததெல்லாம் அந்தச் சுவரைப் பற்றியதுதான்.

மலைக்குத் துப்பாக்கி ஏறிய காலம்

கேப்டன் ஜேம்ஸ் மைக்கேல் 1848இல் ஆனைமலைக் காட்டின் பொறுப்பை ஏற்றார். தேக்கு வெட்டிக் கீழே அனுப்புவது வேலை. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்கு அந்தத் தேக்கு தேவைப்பட்டது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்ற பெயர் அப்படித்தான் நின்றது. 1850களில் மைக்கேலோடு பணியாற்றிய டக்ளஸ் ஹாமில்டன் மலையைப் படமாக வரைந்தார், வேட்டையும் ஆடினார். அவருடைய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாக வந்தன. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற ஹியூ கிளெகார்ன் 1858இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்குப் பயணம் போனார். இவர்களுக்கு வழி காட்டியவர்கள், தடம் பார்த்துச் சொன்னவர்கள், யானையோடு பழகியவர்கள் காடர், மலசர் போன்ற மலைவாழ் மக்கள்.

அன்று மலைக்கு ஏறிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வாய்வழி மருந்து போடுபவை. முதலில் மருந்து, அதன் மேல் அடைப்பு, அதன் மேல் குண்டு. அடிப்பக்க முளையில் ஒரு சிறு செப்புத் தொப்பி. தீபாவளிக்கு நம் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் மூத்த உறவு அது. குதிரை விழுந்து கேப்பைத் தட்டியதும் அதிலிருக்கும் வெடிப்பொருள் பொறி விட்டு, முளைத் துளை வழியே மருந்தைப் பற்றவைக்கும். 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது இது. அதற்கு முந்தைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் வெளித்தட்டில் வைத்த மருந்து மழைச்சாரலில் நனைந்தால் வெடிக்காது. ஆடி மாதம் முழுவதும் சாரல் நிற்காத ஆனைமலையில் இந்தச் சிறு செப்புத் தொப்பியின் அருமை புரியும்.

அதே காலத்தில்தான் கேப்பும் குண்டுமாக இயங்கும் சுழல்துப்பாக்கி இந்தியாவுக்குக் கப்பலேறியது. ஆங்கிலேய அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்வது வழக்கம். அமெரிக்காவின் கோல்ட், இங்கிலாந்தின் ஆடம்ஸ், டிரான்ட்டர் ஆகியவை அவர்கள் விரும்பியவை. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் கோல்டும் ஆடம்ஸும் நேருக்கு நேர் நின்றன. கோல்ட் 1853இல் லண்டனிலேயே ஆலை திறந்து 1856 வரை நடத்தினார். ஆடம்ஸின் துப்பாக்கியில் பியூமான்ட் செய்த திருத்தம் சேர்ந்து, பியூமான்ட்-ஆடம்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் படைக்குள் 1856இல் நுழைந்தது.

பவுனில் ஒரு பங்கு

அளவைப் பேசும் முன் அளவுகோலைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்காரர்கள் கிரெயின், டிராம் என்று பேசுவார்கள். 7,000 கிரெயின் ஒரு ராத்தல். ஒரு டிராம் 27 கிரெயினுக்குச் சற்று மேல். இது நமக்கு மனத்தில் பதிவதில்லை. பவுன் என்றால் பதியும். ஒரு பவுன் 8 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1.6 கிராம், கோல்ட் நேவி சுழல்துப்பாக்கியின் ஓர் அறைக்குப் போகும் நிறை மருந்து: 25 கிரெயின். ஒரு சின்ன மோதிரத்தின் எடைகூட வராது. அது 80 கிரெயின் ஈயக் குண்டை நொடிக்கு 250 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தள்ளியது.

குண்டின் பருமனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டை வார்க்கலாம் என்பதுதான் அது. 54 என்று சொன்னால், ஒரு ராத்தலுக்கு 54 குண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கிரெயின், குறுக்களவு 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆடம்ஸ் துப்பாக்கிகளில் பரவலாக இருந்த அளவு இது. எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும். ராத்தலுக்கு நான்கு குண்டு என்றால் அது யானைத் துப்பாக்கி.

மருந்தின் குணம்

கருமருந்தில் மூன்றே சரக்கு. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது பிரிட்டிஷார் நிலைப்படுத்திய விகிதம். வெடியுப்பை மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தார்கள். பீகாரின் பாட்னா வட்டாரம் உலகத்துக்கே வெடியுப்பு அனுப்பியது. தமிழகத்தில் உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பும் வெடியுப்பும் எடுப்பது உப்பிலியர் சமூகத்தின் தொழிலாக இருந்தது. ஐரோப்பா தன் போர்களை நம் மண்ணின் உப்பைக் கொண்டு நடத்திய காலம் அது.

சேர்மானம் ஒன்றாகவே இருந்தாலும் மருந்தின் நடத்தை ஒன்றாக இராது. மணியின் பருமனைப் பொறுத்து அது மாறும். பொடிமணி சட்டென்று எரியும். பெருமணி நிதானமாக எரியும். நெருப்பு மணியின் மேற்பரப்பிலிருந்து உள்ளே தின்றுகொண்டு போவதால் இப்படி. குறுகிய குழலும் சிறு குண்டும் உள்ள கைத்துப்பாக்கிக்குப் பொடிமணி. நீண்ட குழலும் கனத்த குண்டும் உள்ள வேட்டைத் துப்பாக்கிக்குப் பெருமணி. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் இட்டால், எடை சரியாக இருந்தும் அழுத்தம் தவறாகிவிடும். ஆகவே ‘இத்தனை கிரெயின்’ என்று மட்டும் சொல்வது பாதிச் செய்திதான். எந்த மணி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அளவு.

ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடெரிக் ஏபெலும் 1875இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது. மூடிய எஃகுக் கலத்துக்குள் மருந்தை எரித்துப் பார்த்தபோது, எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடுதான் நிலையான வாயுவாயிற்று. மீதி 57 விழுக்காடு கெட்டிப் பொருள். குண்டைத் தள்ளுவது அந்தப் பாதிக்கும் குறைவான வாயு. புகையாகப் பறப்பதும் குழலுக்குள் கறையாக ஒட்டுவதும் மற்றப் பாதி. ஒவ்வொரு வெடிக்கும் குழலின் உட்புறம் கொஞ்சம் ஒடுங்கும், சொரசொரப்பாகும். அதனால் முதல் குண்டுக்கு ஒத்துவந்த அளவு பத்தாவது குண்டுக்கு அப்படியே ஒத்துவராது. அந்தக் கறை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருவாக்கும். வால்பாறைப் பக்கத்து ஈரக் காற்றில் ஓர் இரவு துடைக்காமல் விட்ட குழல் காலையில் செம்மண் நிறமாகிவிடும். எண்ணெய் இதற்கு மருந்தில்லை. கொதிநீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். கறையில் பெரும்பகுதி உப்பு; உப்பு தண்ணீரில்தான் கரையும்.

தேவனாம்பட்டினத்தில் முடிந்த வாழ்க்கை

மருந்தின் விசையை முதலில் ஒழுங்காக அளந்த மனிதர் தமிழ் மண்ணில்தான் இறந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ராபின்ஸ் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் அவர் எழுதிய பீரங்கிக்கலை நூல், அதுவரை ஊகமாக இருந்த ஒன்றை அளக்கக்கூடியதாக்கியது. அவருடைய கருவி எளியது. கனத்த மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். குண்டு பதிந்ததும் ஊஞ்சல் பின்னால் போகும். எவ்வளவு போயிற்று என்பதை அதோடு கட்டிய நாடா காட்டும். கட்டையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும், ஆடிய தொலைவு தெரியும். குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். மாபெரும் கணித மேதை ஆய்லர் அந்த நூலை 1745இல் ஜெர்மனில் விரிவுரையோடு வெளியிட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைக் கோட்டைகளைச் சீரமைக்கும் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஓராண்டு சூட்டைத் தாங்கினார். 1751 ஜூலையில் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அலையடிக்கும் அந்தக் கரையில் இன்று நிற்பவருக்கு, உலகின் துப்பாக்கி அறிவியலில் பாதி அந்த மண்ணோடு முடிந்த ஒரு மனிதரிடமிருந்து தொடங்குகிறது என்று தோன்ற வழியில்லை.

ராபின்ஸின் ஊஞ்சலைத் தொடர்ந்து ஆட்டியவர் சார்லஸ் ஹட்டன். 1778இல் அவர் கண்டறிந்த விதி, அளவு தேடும் எல்லாருக்கும் அடிப்படை: குண்டின் வேகம் மருந்தின் எடைக்கு நேராக ஏறுவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் ஏறுகிறது. மருந்தை இரட்டித்தால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. நான்கு மடங்கு மருந்து போட்டால்தான் இரண்டு மடங்கு வேகம். ஆனால் சுடுபவரின் தோளில் விழும் உதையும், குழலின் சுவரில் விழும் அழுத்தமும், உள்ளே படியும் கறையும் அதற்குள் எங்கோ போயிருக்கும். ‘இன்னும் கொஞ்சம் போடலாம்’ என்ற ஆசைக்கு இயற்கை வைத்த வரி இது.

ஆறு அறைகள்

இப்போது சுழல்துப்பாக்கியைக் கையில் எடுப்போம். கோல்ட் நேவியின் சிலிண்டரில் ஆறு அறைகள். குழலில் எவ்வளவு வேண்டுமானாலும் மருந்தைக் கொட்டலாம், அறையில் முடியாது. இந்தத் துப்பாக்கியின் முழு இலக்கணமும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

மருந்துக் குடுக்கையின் மூக்கில் ஒரு சிறு பித்தளைக் குழாய். அதன் வாயை விரலால் அடைத்து, தாழ்ப்பாளை அழுத்தியபடி குடுக்கையைக் கவிழ்த்தால் குழாய் நிறையும். மேல் தாழ்ப்பாளை விட்டதும் உள்ளே அடைபட்டது ஓர் அறைக்கான மருந்து. இது எடைக் கணக்கல்ல, நம் ஊர்ப் படியைப் போல முகத்தல் கணக்கு. அரிசியைப் படியால் அளக்கும்போது தட்டி அளந்தால் கூடும், தட்டாமல் அளந்தால் குறையும். மருந்தும் அப்படியே. எனவே தேர்ந்த கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கவிழ்க்கும், ஒரே மாதிரி தட்டும். அளவின் துல்லியம் பாதி கருவியிலும் பாதி பழக்கத்திலும் இருந்தது.

மருந்து விழுந்த அறையின் வாயில் குண்டை வைப்பார்கள். குண்டு அறையைவிட மயிரிழை பெரிது. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் குண்டு உள்ளே இறங்கும். இறங்கும்போது ஈயம் சீவப்பட்டு ஒரு மெல்லிய வளையம் வாயில் தங்கும். வளையம் முழுசாக வந்தால் அறை நன்றாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். பாதி வளையம் வந்தால் ஒரு பக்கம் இடைவெளி. அந்த இடைவெளி வழியே, பக்கத்து அறை வெடிக்கும் தீ உள்ளே நுழைந்துவிடும். ஒரு விசைக்கு இரண்டு மூன்று அறைகள் ஒருசேர வெடிக்கும் விபத்து அப்படி நேர்ந்ததுண்டு. பின்பக்கத்தில் கேப்பு தளர்ந்திருந்தாலும் இதே ஆபத்து. இதற்காகத்தான் குண்டின் மேல் மெழுகும் கொழுப்பும் கலந்து பூசினார்கள். அந்தப் பூச்சு கறையையும் இளக்கி வைத்தது.

குண்டு மருந்தைத் தொட்டு நிற்க வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பான விதி. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் விட்டால் அழுத்தம் எப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது; இரும்பு பாதிக்கப்படலாம். ஆனால் இலக்குச் சுடுதலில் குறைந்த மருந்துதான் நல்ல குறி தருகிறது. அப்போது அறையில் இடம் மிஞ்சுமே? இன்று பழைய சுழல்துப்பாக்கிகளின் மறுவார்ப்புகளைக் கொண்டு போட்டியிடும் ஐரோப்பியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மருந்துக்கு மேல், மிச்ச இடத்தை உப்புமா ரவையால் நிரப்புகிறார்கள். தமிழில் துப்பாக்கிக் குண்டுமணிக்கும் ரவை என்றுதான் பெயர். அடுப்படியிலிருந்து போன ரவை அறைக்குள் அடைப்பாக நிற்கிறது. குண்டு வாய்க்கு அருகில் வந்து, நேராகக் குழலுக்குள் ஏறுகிறது.

அறையே அளவைத் தீர்மானிக்கிறது என்றால், அறையைத் தீர்மானிப்பது யார்? இதற்கு விடை 1847இல் வந்தது. அமெரிக்க வீரர் சாமுவேல் வாக்கருக்காகக் கோல்ட் செய்த பெரிய சுழல்துப்பாக்கி இரண்டு கிலோவுக்கும் மேல் எடை. ஓர் அறைக்கு 60 கிரெயின், ஏறத்தாழ அரைப் பவுன் மருந்து கொள்ளும். சுழல்துப்பாக்கிக்கு மிகப் பெரிய அளவு அது. ஆனால் அந்த நாளைய உலோகம் அதைத் தாங்கவில்லை. பல சிலிண்டர்கள் கையிலேயே வெடித்தன. அடுத்து வந்த டிராகூன் மாதிரியில் கோல்ட் அறையைக் குட்டையாக்கி மருந்தை 50 கிரெயின் அளவுக்குக் குறைத்தார். எச்சரிக்கைத் தாளில் ‘குறைத்துப் போடுங்கள்’ என்று எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கூட்டித்தான் போட்டிருப்பார். அறையே சிறுத்ததும் அந்த வாய்ப்பு அடைபட்டது. அளவை மனிதனின் நல்லெண்ணத்துக்கு விடாமல் இரும்புக்குள் எழுதி வைத்த செயல் அது.

கூரையில்லாத குழல்

வேட்டைத் துப்பாக்கிக்கு அறை என்ற அந்தக் கூரை கிடையாது. எவ்வளவு போடுவது என்பது சுடுபவரின் துணிச்சலைப் பொறுத்தது.

படைவீரனின் துணிச்சலை அரசு நம்பவில்லை. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கிக்கு 2½ டிராம், ஏறத்தாழ 68 கிரெயின் மருந்தை ஆலையிலேயே அளந்து, 530 கிரெயின் குண்டோடு காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தது. சிப்பாய் தோட்டாவின் முனையைக் கடித்துப் பிரித்து உள்ளே கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் பூசிய கொழுப்பு பற்றிய அச்சம் 1857 கிளர்ச்சிக்குத் திரியாக அமைந்ததை நாம் பள்ளியில் படித்தோம். அந்தத் தோட்டா ஓர் அளவுக் கருவி என்பதைப் படிக்கவில்லை. என்ஃபீல்டில் மருந்துக்கும் குண்டுக்கும் விகிதம் ஒன்றுக்கு எட்டு.

வேட்டைக்காரர்களின் விகிதம் வேறு. சாமுவேல் பேக்கர் 1840களில் இலங்கைக்கு வந்தபோது, பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் செய்துகொடுத்த ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். எடை 21 ராத்தல், குழல் 36 அங்குலம், குண்டு 3 அவுன்ஸ், மருந்து 16 டிராம். அதாவது மூன்றரைப் பவுன் எடையுள்ள மருந்து ஒரே வெடிக்கு. விகிதம் ஒன்றுக்கு மூன்று. கோல்ட் நேவியின் நிறை அறையிலும் ஏறத்தாழ அதே விகிதம்தான் என்பது முதலில் வியப்பாக இருக்கும். ஆனால் கோல்டின் குழல் ஏழரை அங்குலம். மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும். பேக்கரின் குழல் முழுவதும் அழுத்தம் குண்டைத் தள்ளிக்கொண்டே வரும். விகிதம் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாகிறது. மருந்து, மணி, குண்டு, குழலின் நீளம் என்ற நான்கும் சேர்ந்து பேசி முடிப்பதுதான் அளவு.

இதைக் கோட்பாடாக வகுத்தவர் கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சைத். மத்திய இந்தியக் காடுகளில் பணியாற்றியவர். 1863இல் வெளியான நூலில் அவர் வாதிட்டது இது: காட்டில் தொலைவைக் கண்ணால்தான் மதிப்பிட முடியும், மதிப்பீடு தவறும். குண்டு நேர்கோடாகப் பறந்தால் தவறு பொறுத்துக்கொள்ளப்படும். அதற்கு அதிக மருந்து வேண்டும். ஆனால் குழலின் உட்புறப் புரிகள் வேகமாகத் திரும்பினால், அதிக மருந்தில் உருண்டைக் குண்டு புரியைப் பிடிக்காமல் உரிந்துகொண்டு போகும். எனவே புரியைத் தளர்வாகத் திருப்பு, மருந்தைக் கூட்டு என்றார். குறி தவறிக் காயத்தோடு தப்பி ஓடும் விலங்கின் வேதனையைக் குறைக்கும் வாதமாகவும் அது அமைந்தது.

வெள்ளைத் துணியில் படித்தது

அளவு தேடுபவர்களின் நடைமுறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். துப்பாக்கி செய்தவர் சொன்ன அளவுக்குக் கீழிருந்து தொடங்குவது. ஒரே நிலையிலிருந்து சில குண்டுகள் சுட்டு, இலக்கில் அவை எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பது. பிறகு சிறிது கூட்டுவது. நெருக்கம் கூடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மறுபடி சிதறத் தொடங்கும். சிதறலுக்கு முந்தைய படிதான் அந்தத் துப்பாக்கியின் அளவு. அதற்கு மேல் போனால் வேகம் கொஞ்சம் கூடலாம், குறி கெடும்.

இன்னொரு சோதனை கண்ணுக்கு எளிது. குழலின் முன்னால் தரையில் வெள்ளைத் துணி விரித்துச் சுடுவார்கள். மருந்து முழுவதும் எரிந்திருந்தால் துணியில் கறை மட்டும். எரியாத மணிகள் கடுகுபோல் சிதறிக் கிடந்தால், குழலின் நீளத்துக்கு மேல் மருந்து போட்டிருக்கிறோம் என்று தெரியும். அவ்வளவும் வீண். மிஞ்சியதைத் தூக்கி எறிவதற்கும் தோள் உதை வாங்கியிருக்கிறது. அந்தத் துணியை மடித்துப் பார்க்கும் மனிதர் ஊகத்திலிருந்து அறிவுக்கு வந்தவர். ராபின்ஸின் நாடாவும் இந்த வெள்ளைத் துணியும் ஒரே வேலையைத்தான் செய்தன.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கலை பெரும்பாலும் வழக்கொழிந்தது. 1884இல் பிரான்ஸின் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1889இல் இங்கிலாந்தில் கார்டைட் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் மேட்டுப்பாளையம் ரயிலில் குன்னூரைத் தாண்டி ஊட்டி போகும் வழியில் இன்றும் அதைக் கடக்கிறார்கள். புகையற்ற மருந்து அதே கன அளவில் பன்மடங்கு அழுத்தம் தரும். பழைய சுழல்துப்பாக்கியின் அறையில் அதை நிரப்பினால் சிலிண்டர் சிதறும். படிக் கணக்கு அங்கே உயிர்க்கொல்லி. கருமருந்தில் அறை காத்த எல்லையைப் புது மருந்து உடைத்துவிட்டது. அதற்கேற்ப எஃகும் தோட்டாவும் புதிதாக வடிவமைக்கப்பட்டன.

சட்டம் என்ற சுவர்

துப்பாக்கி தன் அளவைச் சொல்லிவிடும். தோளும் துணியும் சிலிண்டரும் சொல்லிவிடும். எத்தனை உயிர் என்ற அளவை யார் சொல்வது? பேக்கரின் 16 டிராம், யானையை வீழ்த்த முடியும் என்று நிறுவியது. எத்தனை யானை என்பதற்கு அதில் விடை இல்லை. இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். யானை கொன்றவருக்கு அரசே சன்மானம் தந்த காலம் அது. சென்னை மாகாணத்திலும் அந்த வழக்கம் இருந்தது.

1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைகளைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. 1879இல் இந்திய அரசின் யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாக்கர் துப்பாக்கியின் அறையைக் குட்டையாக்கியது போன்ற செயல் அது. நல்லெண்ணத்தை நம்பாமல் சுவரை எழுப்பியது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சுவரை உயர்த்தியது. பேக்கர் மாதிரியான ஒருவர் இன்று ஆனைமலைக்கு வந்தால், கோழிகமுத்தி முகாமில் மலசர் பாகன்கள் யானையைக் குளிப்பாட்டுவதைப் பார்க்கலாம். மைக்கேல் காலத்தில் தேக்கு இழுத்த காட்டில் இன்று புலிகள் காப்பகம் இருக்கிறது.

வாய்வழி மருந்து போடும் துப்பாக்கி மட்டும் சட்டப் புத்தகத்திலிருந்து போய்விடவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்க்காவலுக்கு அத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. அடிவார விவசாயியின் கவலை பொய்யில்லை. சோளத்தையும் கடலையையும் ஒரே இரவில் காட்டுப் பன்றிகள் உழுதுவிடுகின்றன. தென்னங்கன்றை யானை பிடுங்குகிறது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்கு முகவரி உண்டு. யாருடையது, எங்கே இருக்கிறது என்ற கணக்கு உண்டு. அதுவும் ஒரு வகை அறைதான்.

கணக்கே இல்லாத ஒன்று கோவை வட்டாரக் காட்டோரங்களில் புழங்குகிறது. அதன் பெயர் அவுட்டுக்காய். வெடிமருந்தைத் தின்பண்டத்துக்குள் பொதிந்து, பன்றி வரும் தடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். பன்றி கடிக்கும் என்பது எண்ணம். கடிப்பது பசுவாகவும் இருக்கலாம், யானைக் குட்டியாகவும் இருக்கலாம். வெடித்ததும் தாடை உடையும், நாக்கு கிழியும். யானை உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், தண்ணீர் குடிக்க முடியாமல் நாள் கணக்கில் நின்று மெலிந்து விழும். கோவை வனக் கோட்டத்தில் இப்படி இறந்த யானைகளின் செய்தி வரும்போதெல்லாம் நான் அந்த நோம்பி வேட்டுக்காரரை நினைத்துக்கொள்கிறேன்.

பேக்கர் போட்ட மூன்றரைப் பவுனோடு ஒப்பிட்டால் அவுட்டுக்காயின் மருந்து சொற்பம். 200 ஆண்டுகளாகக் குழல், அறை, வளையம், உரிமம், சட்டம் என்று மனிதன் எழுப்பிய ஒரு சுவரும் அதைச் சூழ்ந்திருப்பதில்லை. அடைப்பு இல்லாத மருந்து வெறுமனே எரியத்தான் செய்யும் என்று வேட்டுக்காரர் கல்லின் மேல் கொட்டிக் காட்டினார். அவுட்டுக்காய்க்கும் ஓர் அடைப்பு வேண்டும். அந்த அடைப்பு, கடிக்கிற விலங்கின் வாய்.